பச்சைத் தீயில் வெந்த சோறு

அன்பு மகளுக்கு,

ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். பக்கத்து அறையில் நீ தையல்காரியோடு கலியாணச் சட்டையின் கைநீளத்தைப் பற்றிக் கதைப்பது இங்கே கேட்கிறது. எழுந்து வந்து கதவைத் தட்டி இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் உம்மாவை உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்த மேடையில்கூட என் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனேன். இத்தனை வருடம் வகுப்பில் நின்று படிப்பித்தும், வீட்டுக்குள் ஒரு பெரிய விடயத்தை வாய் திறந்து சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. நம் வீட்டு முன்வளவில் உனக்குச் சீதனமாகக் கட்டி முடித்திருக்கும் வீட்டின் சாவி, கலியாண ஒப்பந்தமான காவின் எழுதும் அன்று உன் கைக்கு வரும். அந்த வீட்டில்தான் நீ பிள்ளை சுமக்கப் போகிறாய் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். நான் எழுதுவது அந்தப் பிள்ளைக்காக. இன்னும் உருவாகாத, பெயர் வைக்காத அந்தப் பிள்ளை எந்த மண்ணின் மேல், எந்தக் காற்றைக் குடித்து உருவாகப் போகிறது என்ற பயத்துக்காக. நம் கரையில் வேறு தாய்மாரும் இதை வாசித்தால் வாசிக்கட்டும். அவர்களுக்கும் இதே மண்தான்.

கடல் ஊருக்குள் வந்த அன்று நீ என் வயிற்றில் மூன்று மாதம். அந்தக் காலைநேரத்தை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நீ கேட்டு வளர்ந்த கதை அது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உன் வாப்பாவும் நானும் பெரியம்மாவும் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் கிடந்து, பிறகு வயலோரத்தில் தகரமும் தறப்பாளும் போட்ட கொட்டில்களுக்குப் போனோம். என் உம்மா அதற்கு முன்பே மௌத்தாகியிருந்ததால் எனக்குத் தாயாக நின்றது என் ராத்தா, உன் பெரியம்மாதான். தன் மாப்பிள்ளையை, உன் பெரியப்பாவை, கடலுக்குக் கொடுத்துவிட்டு, விதவை மறைந்திருக்கும் இத்தா இருக்க ஒரு சுவர்கூட இல்லாமல், தறப்பாளுக்குப் பின்னால் இருந்துகொண்டு எனக்காகச் சோறு வடித்தாள். அந்த மாதங்களில் எங்கள் கரையில் ஒருவரும் மீன் தின்னவில்லை. கடல் கொண்டுபோன ஆட்களின் மையித்துகளை மீன் தின்றிருக்கும் என்று பயம். ஒரு தடவை எங்கேயிருந்தோ யாரோ கொண்டுவந்த பாரைக் குட்டியைக் கண்டதும் ராத்தா என் கண்ணைப் பொத்தினாள். "வயித்துப் புள்ளக்காரி பாக்கவும் கூடா" என்றாள். மீனுக்கு அவ்வளவு பயந்தோம். விறகுக்குப் பயப்பட எங்களுக்குத் தோன்றவேயில்லை.

விறகு கரை முழுவதும் கிடந்தது. உடைந்த வள்ளங்கள், தோணிகள், கதவுகள், நிலைகள், கூரைமரங்கள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து, மண் மூடிக் கிடந்தன. பச்சை மட்டையும் ஈரத் தென்னங்குத்தியும் புகைந்து கண்ணைக் கெடுத்தபோது, வள்ளத்துப் பலகை மட்டும் நெருப்புக்குச்சி காட்டியதும் பற்றிக்கொண்டது. பூசியிருந்த பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பிறகு தீ நிறம் மாறும். முதலில் மஞ்சள், அதன் விளிம்பில் ஒரு நீலம், பிறகு பானையின் அடி முழுக்கப் பச்சை. கிளியின் சிறகைப்போல் அவ்வளவு சுத்தமான பச்சை. சத்தமில்லாமல் எரியும். அதை முதல் நாள் கண்டதும் பக்கத்துக் கொட்டில்காரி தன் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ராத்தா, இது நெருப்பில்ல. இதுக்குள்ள ஆரோ இரிக்காங்க."

"இரிந்தா இரிக்கட்டும்," என்றாள் பெரியம்மா, பானையிலிருந்து அகப்பையை எடுக்காமலே. "அவங்களுக்கும் பசிக்கும்தானே. சோறு வெந்ததும் ஒரு புடி வைப்பம்."

எல்லாரும் சிரித்தோம். அந்த மாதத்தில் நாங்கள் சிரித்த ஒரே சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். சிரித்துவிட்டு அந்தச் சோற்றைத் தின்றோம். பசி நேரத்தில் அது நல்ல சோறாகவே இருந்தது. தின்ற பிறகு மட்டும் நாக்கின் ஓரத்தில் செப்புக் காசைச் சப்பியதுபோல் ஒரு சுவை நெடுநேரம் நின்றது. மசக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் ஆனதும் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாம்பிராணி பிடிக்கும் பழக்கம் உனக்குத் தெரியும். அந்த வருடம் அது பழக்கமாக இருக்கவில்லை, காவலாக இருந்தது. ஊரில் அவ்வளவு மௌத்து. குளிப்பாட்டாமல், கபன் துணி போர்த்தாமல் போன மையித்துகளின் பார்வை வயிற்றில் பட்டுவிடும் என்று பெண்கள் நடுங்கினார்கள். பெரியம்மா அடுப்பிலிருந்து அதே பலகையின் தணலை அள்ளிச் சட்டியில் போட்டு, சாம்பிராணியைத் தூவி, என்னைப் பலகைக் கட்டையில் இருத்திச் சேலையால் கழுத்து வரை மூடிவிடுவாள். தறப்பாளையும் இழுத்து அடைப்பாள். "நல்லா இழு புள்ள. உள்ளுக்குப் போகட்டும். உள்ளுக்கு இரிக்கிறதுக்குத்தான் இது." நான் இழுத்தேன். நீ அசையத் தொடங்கிய மாதங்களில் ஒன்றைக் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. நாள் முழுக்க உதைத்துக்கொண்டிருப்பாய். புகை சேலைக்குள் நிறைந்ததும் அசைவு நின்றுவிடும். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் பிள்ளையைப்போல், அவ்வளவு அமைதி. சட்டி ஆறி, தறப்பாளைத் தூக்கிக் காற்று வந்த பிறகுதான் மெதுவாக ஒரு உதை. "பாத்தியா, சாம்பிராணி பட்டதும் புள்ள நல்லா நித்திர கொள்ளுது," என்றாள் பெரியம்மா. நானும் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டேன்.

நீ குறையொன்றும் இல்லாமல் பிறந்தாய். ஆனால் நடக்கத் தொடங்கிய வயதிலேயே, வீட்டில் சாம்பிராணிச் சட்டியை எடுத்தால் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முகம் சிவக்கும்வரை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வாப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார். பெரியம்மா, "இவ வயித்துக்குள்ளேயே பாடம் படிச்சிட்டு வந்திரிக்கா, தாயப்போல," என்பாள். எனக்கு மட்டும் சேலைக்குள் நின்றுபோன அந்த உதை ஞாபகம் வரும்.

நீ பிறக்கும் முன்பு நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது நம் வளவு குளமாகிக் கிடந்தது. கடல் நிலத்தைச் சீவிக்கொண்டு போயிருந்தது. ஊரில் எல்லாரும் செய்ததைத்தான் வாப்பாவும் செய்தார். கரையில் துப்புரவு செய்ததை ஏற்றிவந்த உழவு இயந்திரங்களை மறித்து, இடிபாட்டையும் உடைந்த வள்ளங்களையும் கொட்டில்களின் அடுப்புச் சாம்பலையும் முன்வளவுப் பள்ளத்தில் கொட்டச் சொன்னார். மேலே ஆற்று மணல். ஒரு கிழமையில் வளவு தெருவுக்குச் சமமாக வந்தது. மகள் பிறந்தால் அவளுக்குக் கொடுக்க வீடு கட்ட நிலம் வேண்டும், நம்மிடம் வேறு நிலம் இல்லை. பெண்பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பனும் தாயும் முதலில் பார்ப்பது பிள்ளையின் முகத்தை அல்ல, வளவின் மூலையைத்தான் என்று நம் ஊரில் பகிடிக்குச் சொல்வார்கள். நீ பிறந்ததும் வாப்பா உண்மையிலேயே அப்படித்தான் பார்த்தார். அந்த மணலின் மேல் எவ்வளவு மழை பெய்தும் ஓர் இடத்தில் மட்டும் புல் முளைக்காது. வேப்பங்கன்று வைத்தோம், கருகியது. மாதுளை வைத்தோம், அதுவும். "உப்பு," என்றார்கள். கடல் வந்த நிலம்தானே, உப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்த மாதம் உனக்கு நான்கு வயது ஆகவிருந்தது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். நீ என் பர்தாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நடந்தாய். நம் தெருவின் வாயிலில் மண்மூட்டை அடுக்கிய காவலரண் இருந்தது. அங்கே நின்ற ஊர்காவல்காரர் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர், உன் வாப்பாவோடு படித்தவர், நான் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுபவர். யுத்தம் முடிந்தும் அவர் இறங்கவில்லை. இறங்கச் சொல்லி யாரும் வரவில்லையாம்.

"எங்க பெய்த்து வாறீங்க? அடையாள அட்டை எடுங்க."

"என்ன காக்கா, நேத்தும் பாத்தீங்கதானே. உங்கட பொஞ்சாதிட்ட நான் சீனி கடன் வாங்கிட்டு வாறன்."

"அது நேத்து. இண்டைக்கு நீங்க ஆரெண்டு எனக்கென்ன தெரியும்?"

பகிடி என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. என்னை அறியாத கண்கள். துவக்கின் வாய் தரையைப் பார்க்காமல் உன் உயரத்துக்கு நின்றது. நான் அட்டையைக் காட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நீ பதினைந்து வயதில் நோயாகி, டொக்டர் லூபஸ் என்று பெயர் சொல்லி, உடம்பைக் காக்க வேண்டிய காவலே ஆள் தெரியாமல் உடம்பைத் தாக்குகிறது என்று விளக்கியபோது, எனக்கு அந்தக் கண்கள்தான் ஞாபகம் வந்தன. எதிரி போன பிறகும் இறங்காத காவல். சொந்தத் தெருவையே அடையாளம் கேட்கும் காவல்.

அந்த வருடத்தை நீ மறக்க முயல்கிறாய், தெரியும். மூக்கின் மேல் ஏறி இரண்டு கன்னத்திலும் பரந்த சிவப்பு. காலையில் விரல்களை மடக்க முடியாமல் போத்தல் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிட்டது. வெயில் பட்டால் காய்ச்சல். பெரியம்மா தயிர் பூசினாள், ஓதிய தண்ணீர் வாங்கிவந்தாள். "கடல் பார்த்த வயிறு, அதுதான்," என்று வந்து பார்த்த பெண்கள் மெல்லச் சொன்னார்கள். கிளினிக்கில் நீ இரத்தம் கொடுக்கப் போன இடைவெளியில் நான் டொக்டரிடம் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்துதான் கேட்டார்.

"வயித்துல இரிக்கக்க தாய் சுவாசிச்சது பிறகு புள்ளைக்கு இப்பிடி வருமா, டொக்டர்?"

அவர் பேனாவை வைத்தார். "பரம்பரை, ஹோர்மோன், கிருமி, சூழல், எல்லாம் சேர்ந்துதான் வரும் எண்டு நினைக்கிறம். தாய்ர வயித்துக்குள்ள பட்ட நச்சுப் புகை, உலோகம் இதுகளையும் சந்தேகிக்கிறாங்க, தேடுறாங்க. ஆனா உங்கட புள்ளைக்கு அதாலதான் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலா. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா," என்றேன்.

அடுத்த வருடம் ஒரு நாள், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் இரசாயன ஆய்வுகூடத்தைக் கடந்து போனேன். காரைதீவிலிருந்து வரும் இரசாயன ஆசிரியை உயர்தர மாணவிகளுக்குச் சுவாலைச் சோதனை காட்டிக்கொண்டிருந்தார். கம்பியின் நுனியில் ஏதோ ஒரு தூள். அதைச் சுடரில் பிடித்தார். நான் வாசலில் நின்றுவிட்டேன். அதே பச்சை. சத்தமில்லாத, கிளிச் சிறகுப் பச்சை. நாக்கின் ஓரத்தில் அந்தச் சுவை, அத்தனை வருடத்துக்குப் பிறகு, உடனே வந்தது. நான் கலைப்பட்டதாரி, தமிழும் புவியியலும் படித்தவள். தீக்கு நிறம் ஏன் வருகிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ன மிஸ், பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீங்க? இது செப்பு."

"வள்ளத்துப் பலகைய எரிச்சா இப்பிடி வருமா?"

"வள்ளத்துப் பலகையையா? ஓம், வரும். சிப்பி ஒட்டாம இருக்க அடியில பூசுற பெயின்டில செப்பு போடுவாங்க. பழைய பெயின்டெண்டா ஈயம், அது இதெண்டு என்னென்னவோ இருக்கும். அத ஆர் மிஸ் எரிக்கப் போறா? உயிர் ஒட்டாம இருக்கத்தானே அதைப் பூசுறது."

உயிர் ஒட்டாமல் இருக்கப் பூசுவது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியாது.

இதை வைத்துப் பெரியம்மாவைக் குறை சொல்லாதே, மகள். அவள் எனக்குத் தந்ததெல்லாம் அன்பு. அது எதன் தணலில் சூடேறியது என்பது அவளுக்குத் தெரியாது. அவளிடம் இதை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என்னிடம் ஆதாரமும் இல்லை. அதே புகையைக் குடித்த தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் பலர் நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள். உன் நோய்க்கு அதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. இல்லை என்றும் எவரும் எனக்குச் சத்தியம் செய்து தர முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இத்தனை வருடம் நித்திரை கொள்கிறேன்.

வீட்டுக்கு அத்திவாரம் தோண்டியபோது நீ பதுளைக்குப் பாடநெறிக்குப் போயிருந்தாய். ஆழம் போகப் போக மண் கறுத்தது. பிறகு மண்வெட்டி மரத்தில் பட்ட சத்தம். மேசன் குனிந்து மண்ணை விலக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ராத்தா, உங்கட வளவுக்குள்ளால வள்ளமொண்டு ஓடுது, வந்து பாருங்க!" பலகைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. நீலமும் சிவப்பும் நேற்றுப் பூசியதுபோல் பளபளத்தன. இவ்வளவு காலம் ஈரத்தில் கிடந்தும் ஒரு பலகைகூட உக்கவில்லை. கறையான் இல்லை, புழு இல்லை, ஒரு வேர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. வந்த வேர்கள் ஒரு சாண் தள்ளி நின்று திரும்பிப் போயிருந்தன. குழியின் அடியில் ஊறிய தண்ணீரில் நிறங்கள் மெல்லச் சுழன்றன. "நல்ல வைரமான மரம்," என்றார் மேசன். பெரியம்மா அதற்குள் இரண்டு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தாள். "குடிபோற அண்டைக்குப் பால் காச்ச வைப்பம். லேசாப் பத்தும்."

"வை அத!" என்று நான் கத்தினேன். என் குரல் அப்படி ஒரு சத்தம் போடும் என்று எனக்கே தெரியாது. மேசனின் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா பலகையைக் கீழே போட்டுவிட்டு, "என்னகா, ஜின் புடிச்சிட்டா உனக்கு?" என்றாள். பலகைகளை அள்ளி ஏற்றி அனுப்பச் செய்தேன். மண்ணை எங்கே கொடுத்துச் சோதிப்பதென்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். வேலைக்குப் போயிருந்த வாப்பா கட்டாரிலிருந்து தொலைபேசியில் தினமும் சுவர் எவ்வளவு உயர்ந்ததென்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவர் உயர்ந்தது. நீ வந்து யன்னலுக்கு நிறம் பார்த்தாய். நான் உன் பின்னால் நின்று, நீ செருப்பில்லாமல் அந்த மண்ணில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, உன் கலியாணத்துக்கு லீவில் வந்திருக்கும் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் புது வீட்டின் படியில் இருந்துகொண்டு கதவைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் வெயிலுக்க நிண்டு கட்டினது ஆருக்கு?"

"நமக்கு. நாம இரிப்பம். நமக்கு இனி என்ன உருவாகப் போகுது?"

"மருமகன்ட ஆக்கள் என்ன செல்லுவாங்க? வீடு குடுக்காம பொண்ணக் குடுத்தான் எண்டு."

"வீடு குடுக்குறம். புள்ளய மட்டும் அதுக்குள்ள வைக்கல்ல."

அவர் சிரித்தாரா, அழுதாரா என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில், "நீயே புள்ளைட்ட செல்லு. எனக்கு வாய் வராது," என்றார். பார், இந்த வீட்டில் வாய் வராதது எனக்கு மட்டுமில்லை.

ஆகவே சொல்கிறேன். உன் மாப்பிள்ளைக்கு உன் நோய் தெரியும். கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் இப்போது அவர்தான். அவருக்குப் பதுளையில் வேலை. நம் வழக்கப்படி அவர் அங்கே அறையெடுத்து இருந்து, லீவுக்கு உன் வீட்டுக்கு வந்துபோக வேண்டும். அந்த வழக்கத்தை விடு. அவரோடு போய் ஒரு வாடகை வீட்டில் குடியிரு. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்குப் போனாள் என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டு மறந்துவிடும். மருந்தை ஒரு நாளும் நிறுத்தாதே. நோய் அடங்கியிருக்கும் காலம் பார்த்து, டொக்டரிடம் கேட்டுத்தான் பிள்ளை. அதில் அவசரப்படுத்தும் எவருக்கும், எனக்கும்கூட, பதில் சொல்லாதே. எந்த இடமும் முழுச் சுத்தமில்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே தோட்டங்களுக்கு மருந்தடிக்கிறார்கள், இங்கே வயலுக்கு அடிக்கிறார்கள். ஆனால் நான் அறிந்த ஒன்றிலிருந்தாவது உன்னை விலக்கி வைக்க வேண்டும். அறியாததை அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருவதுதான் முறை. நீ வராதே. வயிற்றில் ஒன்று தங்கியது தெரிந்த நாளிலிருந்து இந்த வளவுப் படலையைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்காதே. நான் அழுது கூப்பிட்டாலும், சுகமில்லாமல் கிடந்தாலும்.

இதுவரை எழுதியதெல்லாம் உனக்காக. எனக்காக ஒன்று கேட்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரமாகச் சுற்றி வளைத்தேன். மருமகன் குடியிருக்கும் வீட்டில் போய் மாமி தங்குவது நம் ஆட்களிடம் இல்லை. பெரியம்மா கேட்டால் வாயில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் உனக்கு வயிறு நிறையும் மாதத்தில் என்னை அங்கே கூப்பிடு, மகள். நானாக வர மாட்டேன், என் கூச்சம் உனக்குத் தெரியும். நீதான் கூப்பிட வேண்டும். இங்கிருந்து உடுத்த உடுப்பை வாசலிலேயே மாற்றி, தலையிலிருந்து கால்வரை குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். ஒரு மூலையில் பாய் போதும். பிள்ளை பிறந்ததும், தூக்கலாம் என்று நீ சொல்லும்வரை என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

உன் உம்மா